பிள்ளைக்கென்று வைத்த ஒயில்

போன மாதம் எங்கள் நாவற்குடா வீட்டு வாசலில் நாலைந்து இளைஞர்கள் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பொனெட்டைத் திறந்து, மடிக்கணினி ஒன்றை வயரால் எஞ்சினோடு கொழுவி, திரையில் ஓடுகிற கோடுகளைக் காட்டி, "அங்கிள், எஞ்சின்ட வலு எவ்வளவு கூடியிரிக்கு எண்டு பாருங்க" என்றார்கள். பார்த்தேன். நல்ல வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அவர்களில் ஒருவன் கேட்டான்: "இதெல்லாம் இல்லாத காலத்தில நீங்க காதால கேட்டுத்தானே டியூன் பண்ணின நீங்க? படிப்பா, அனுபவமா, எது பெரிசு எண்டு சொல்லுங்க."

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பதிலையும் கையோடு கொண்டுதான் வருகிறார்கள். ஆயுள் முழுக்கக் கிறீசில் கிடந்த கிழவன், 'அனுபவம்தான் தம்பி' என்று மீசையைத் தடவிச் சொல்ல வேண்டும். அதை அவர்கள் போனில் படம் பிடிக்க வேண்டும். எனக்கு மீசையும் இல்லை, அந்தப் பதிலும் இல்லை. "போய் வேலையப் பாருங்கடா" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனம் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குச் சாமித்தம்பியண்ணனின் கார்தான் கண்ணில் வந்து நிற்கிறது. அதை வாயால் சொல்லப் போனால் நடுவிலே குரல் உடைந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய கதை பெரிய கதையில்லை. பள்ளிக்கூடம் ஓடவில்லை, கராஜ் ஓடியது. வாவிக் கரையோரம் ஒரு முதலாளியின் கராஜில் ஸ்பெனர் எடுத்துக் கொடுக்கிறவனாகச் சேர்ந்து, அடி வாங்கி, ஏச்சு வாங்கி, கடைசியில் எஞ்சின் வேலைக்காரன் என்று பெயர் வாங்கினேன். ஒரு கார் வாசலில் வந்து நிற்கும்போதே அதற்கு என்ன சுகவீனம் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பூபாலபிள்ளை சேர் எங்களுக்குப் போர்மனாக வந்தார். கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். என்னைவிட வயதில் இளையவர். முதலாளி அவரை எனக்கு மேலே கொண்டுவந்து வைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டவில்லை.

அவருடைய நடைமுறையே வேறு. ஒருவரையும் 'நீ' என்று சொல்லமாட்டார். கோபம் வந்தால் குரல் உயராது, கீழே போகும். நாங்கள் வேலை முடிந்துதான் கை கழுவுவோம்; அவர் வேலை தொடங்குமுன்னும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். "மனிசன் சோத்துக்கு இருக்கப் போறார் போல" என்று நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். ஆனால் காபரேட்டருக்குள் ஒரு மணல் போனாலும் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் சிரிக்கக் கூடாத விஷயம் அது.

அவர் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. "சேர், இது வால்வு டெப்பட் சத்தம்" என்போம். "எப்பிடித் தெரியும்?" என்பார். சரியாகச் சொன்னாலும் கேட்பார், பிழையாகச் சொன்னாலும் கேட்பார். "கேக்கத் தெரியுதே" என்றால் போதாது. அளந்து காட்ட வேண்டும். இடைவெளி பார்க்கிற தகடு, அழுத்தம் பார்க்கிற மீட்டர், எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். எங்களுக்கு அந்தக் கேள்வியே பட்டப்பெயராகிப் போனது. அவர் வருகிறார் என்றால், "எப்பிடித்தெரியும் வாறார்" என்போம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்த எஞ்சின் கராஜுக்கு வந்தாலும், ஒயிலின் மட்டம் பார்க்கிற அளவுக் கம்பியை உருவி, அதன் நுனியில் நிற்கிற ஒயிலில் ஒரு துளியைக் கடதாசியில் விடுவார். பக்கத்தில் புது ஒயிலில் ஒரு துளி. இரண்டையும் வெயிலில் வைத்துவிட்டுப் போய், கொஞ்சம் கழித்து வந்து பார்ப்பார். நல்ல ஒயில் சின்ன வட்டமாக நிற்கும். மண்ணெண்ணெய் கலந்த ஒயில் என்றால், கறுப்பு நடுவில் நிற்க, வெளிறிய வளையம் அகலமாகச் சுற்றிப் பரவும். மீட்டர் இல்லாமல் செய்கிற பரிசோதனை அது. கோயிலில் ஐயர் மணி அடிக்காமல் பூசை முடித்தாலும் முடிப்பார், எங்கள் சேர் துளி வைக்காமல் ஒரு எஞ்சினையும் விடமாட்டார்.

மண்ணெண்ணெய் எப்படி ஒயிலில் கலக்கும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். யுத்த காலத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியவை. பெற்றோல் எங்களுக்கு மருந்து மாதிரி. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், நிலைமை இன்னும் மோசம். பற்றரி, ஒயில், பெற்றோல் ஒன்றும் இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சுலபமாகப் போகாது. அதனால் பழைய சேலைன் போத்தல் ஒன்றைப் பொனெட்டுக்குள் கட்டி, அதன் குழாயால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நன்றாகச் சூடாக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பெற்றோலை மிச்சம் பிடிக்கிற ஆசையில் சூடாகுமுன்னே மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே ஒயிலோடு போய்ச் சேரும்.

சாமித்தம்பியண்ணன் படுவான்கரையில் ஹயர் கார், அதாவது வாடகைக் கார், ஓட்டியவர். கறுத்த ஒஸ்டின் கார். அந்தப் பக்கத்தில் நாலைந்து ஊருக்கு அது ஒன்றுதான். பாம்பு கடித்தாலும் சரி, பிள்ளைப்பேறு என்றாலும் சரி, அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். துறைவரை கொண்டுபோய், 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவையில் காரோடு ஏற்றி, வாவியைக் கடந்து நகரத்து ஆஸ்பத்திரியில் விடுவார். சண்டை நடந்த நாளிலும் போனவர். ஐம்பதைத் தாண்டிய ஆள், சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார், வாயில் எப்போதும் வெற்றிலை. பகிடிக்காரர். காரை 'அவள்' என்றுதான் சொல்வார்.

ஒரு மாரிக்கு முந்திய மாதத்தில் அவர் காரோடு எங்கள் கராஜுக்கு வந்தார்.

"தம்பி, இவள் நல்லாத்தான் ஓடுறாள். ஆனா மாரிக்குக் காணாதுகா. வயல் வட்டைக்குள்ள வெள்ளம் ஏறினா துறைக்குப் போற றோட்டு முழுக்கச் சேறுதான். ஆளேத்திப் போகக்குள்ள திணறுறாள். இன்னும் கொஞ்சம் வலுவக் கூட்டித் தா."

"என்ன அண்ணன், ரேஸ் ஓடப் போறீங்களோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மலருக்குத் தையில நாள். முதல் பிள்ளை. இடுப்புச் சின்னன், ஊருல வச்சிப் பாக்க ஏலாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் வேணும் எண்டு மருத்துவிச்சியம்மா சொல்லிட்டா. மருமகன் வெளிநாட்டுல, கட்டாருல. நான்தானே கொண்டு போகணும்."

மலர் அவருடைய ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை. அண்ணனே தலை பின்னிவிட்டு வளர்த்த பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள்.

பூபாலபிள்ளை சேர் கை கழுவிவிட்டு வந்தார். அழுத்தம் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்தார். பிறகு சொன்னார்: "மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சினுக்கு அழுத்தத்தக் குறைக்கணும். ஹெட்டுக்கு அடியில இன்னொரு கெஸ்கட் தகடு போடுவம். பொறி விழுற டைமிங்கையும் பின்னுக்கு எடுக்கணும். இல்லாட்டி எஞ்சினுக்குள்ள தட்டும். புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார். "சேர், குறை நினைக்காதங்க. வலுவக் கூட்டித் தாங்க எண்டு வந்தவன் நான். நீங்க குறைச்சித் தாறன் எண்டுறீங்க."

"தட்டினா பிஸ்டன் போயிரும்."

"அவள் தட்டமாட்டாள். தட்டுற இடம் எனக்குத் தெரியும். டைமிங்க அதுக்கு ஒரு மயிரிழை இஞ்சால வச்சிரிக்கன்."

"எப்பிடித் தெரியும்?"

"ஏறுங்க, காட்டுறன்."

எங்கள் ஊரில் மலை இல்லை. ஏற்றம் என்றால் பாலத்தடியும் துறைக்கரையும்தான். அண்ணன் கராஜில் நின்ற எல்லாரையும் ஏற்றினார். போதாததற்கு டிக்கியில் மணல் மூட்டை. சேரை முன்னால் இருத்தினார். பாலத்தடி ஏற்றத்துக்கு முன்பாக டொப் கியரில் போட்டு, ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே மிதியாக மிதித்தார். அந்த மாதிரி மிதித்தால் மண்ணெண்ணெய் எஞ்சின் எதுவும் டின்னுக்குள் கல் போட்டுக் குலுக்கிய மாதிரித் தட்டும். இது தட்டவில்லை. இழுத்தது. ஒரு இடத்தில் 'டிக்' என்று தொடுகிற மாதிரி வந்து, தொடாமல் போனது. பின்னால் இருந்த நாங்கள் கைதட்டிச் சத்தம் போட்டோம். சேர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கராஜுக்குத் திரும்பியதும் அவர் டைமிங் வைக்கிற டிஸ்ரிபியூட்டரை அளந்தார். புத்தகம் சொன்ன இடமில்லை. கடதாசியில் எதையோ கணக்குப் போட்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "அண்ணன் வச்ச இடம்தான் சரி. புத்தகம் எழுதினவனுக்கு இந்த மண்ணெண்ணெய் தெரியா. கெஸ்கட் வேணாம்."

எனக்கு அன்றைக்குத்தான் அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது. படித்தவன் தோற்றுப் போனான் என்று நாங்கள் கொண்டாட நின்றோம். அவருக்கு அதில் தோல்வியே தெரியவில்லை. ஒன்றைப் புதிதாக அறிந்துகொண்ட சந்தோசம்தான் முகத்தில் இருந்தது. அண்ணன் கேட்ட வலுவைக் கூட்டியதும் அவர்தான். தகரத்தை வெட்டி வளைத்து, புகை போகிற குழாயின் சூடு மண்ணெண்ணெய் போகிற குழாயில் படுகிற மாதிரி ஒரு மூடி செய்தார். சூடானால் மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாகும், ஆவியானால் நன்றாக எரியும். காபரேட்டர் ஜெட்டையும் நான் மாற்றிக் கொடுத்தேன். கார் பறந்தது. அண்ணன் கராஜைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி வந்து, "இவளுக்கு வயசு குறைஞ்சி போச்சு தம்பி" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. சேர் அளவுக் கம்பியை உருவினார்.

ஒயில் 'முழு' என்ற கோட்டையும் தாண்டி நின்றது.

"கடைசியா எப்ப ஒயில் மாத்தின நீங்க?"

"மாத்துறதா?" அண்ணன் பெருமையாகச் சிரித்தார். "ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க சேர், மத்தவன்ட கார் ஒயில் குடிக்கும். என்டவள் குடிக்கிறல்ல. கூடிக்கொண்டுதான் போகுது. அம்மாள் கிருபை, ஒயில் சுரக்குது."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் படுவான்கரை டிரைவர்மார் பலபேர் அப்படித்தான் நம்பினார்கள். ஒரு போத்தல் ஒயிலுக்கு நாய் படாத பாடு படுகிற காலம். மட்டம் குறையவில்லை என்றால் அது கடவுள் கொடுத்தது. அதை வடித்து ஊற்றச் சொன்னால் எவன் கேட்பான்?

சேர் கடதாசி எடுத்தார். "எந்த எஞ்சினெண்டாலும் இத வைப்பார் அண்ணன்" என்றேன். அண்ணனின் ஒயிலில் ஒரு துளி, புது ஒயிலில் ஒரு துளி. வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணனுடைய துளியைச் சுற்றி வெளிறிய வளையம் உள்ளங்கை அகலத்துக்கு ஓடியது.

"கூடுறது ஒயில் இல்ல அண்ணன். மண்ணெண்ணெய். வழுவழுப்புப் போயிட்டு. பெரிய பேரிங் எல்லாம் இந்தத் தண்ணியிலதான் சுத்துது. ஒரு நாளைக்கு இறுகும்."

அண்ணன் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன சேர், குறி பாக்கிற மாதிரி. பேரிங் பழுதெண்டா சத்தம் வரும். வந்தா நான் கேப்பன்."

"சத்தம் வந்தா, முடிஞ்சிட்டு எண்டு அர்த்தம்."

"கெஸ்கட் போடாட்டித் தட்டும் எண்டும் சொன்ன நீங்க."

சேரின் குரல் கீழே போனது. "யோகராசா, ஒயில வடிங்க" என்று என்னிடம் சொன்னார். பழையதை வடித்தோம். புது ஒயில் ஊற்றினோம். அதோடு சேர் உள்ளே போய் இன்னொரு டின்னைக் கொண்டுவந்தார். ஓட்டமாவடிக் கடையொன்றில் சொல்லி வைத்துத் தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்கென்று எடுப்பித்த டின். மூடி திறக்காதது. அதை அண்ணனின் கையில் கொடுத்தார். "ஒரு மாதத்தில மட்டம் ஏறும். ஏறினதும் யோசிக்காம வடிச்சி ஊத்திப்போட்டு இத விடுங்க. மலரக் கொண்டு போறதுக்கு முந்தி கட்டாயம் மாத்தணும்."

அண்ணன் டின்னை இரண்டு கையாலும் வாங்கினார். பகிடி எல்லாம் போய்விட்டது. "சேர், இது எனக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

டின்னைச் சாவடி தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சேர் வெள்ளைச் சேட்டு ஒன்றை மாற்றிக்கொண்டு காரில் சாவடிவரை கூடவே போனார். நானும் போனேன். எங்களோடு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர், அங்கே நின்ற அதிகாரியோடு சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். கும்பிடாத குறை. வயிற்றில் கை வைத்துக் காட்டி, பிள்ளைத்தாய்ச்சி என்று விளக்கினார். கடைசியில் டின்னோடு காரைப் பாதையில் ஏற விட்டார்கள். வாவியின் நடுவில் அண்ணன் எங்களைப் பார்த்துக் கை காட்டியது தெரிந்தது.

மார்கழியில் வெள்ளம் வந்தது. அந்த வருசம் வாவியும் வட்டையும் ஒன்றாகிக் கிடந்தது. பாதை சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. தைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். மலருக்கு நோவு முந்திவிட்டது.

நடந்ததை எனக்குச் சொன்னது அன்று காரில் கூடப் போன மருத்துவிச்சியம்மா. காலை வெளுத்த நேரம். மழை. அண்ணன் மகளைப் பின்சீற்றில் படுக்க வைத்து, சேலைன் போத்தலில் இருந்த பெற்றோலால் ஸ்டார்ட் பண்ணினார். சூடாகும்வரை நிற்க அவருக்குப் பொறுமை எங்கே? உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் புறப்பட்டார். வெள்ளம் மூடிய இடத்தில் கார் போன போக்கைப் பற்றி அந்த அம்மா சொன்னது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது: "என்ன இழுவை தம்பி! தண்ணியப் பிளந்துக்கிட்டுப் போச்சு. நான் பிழைச்சம் எண்டுதான் நினைச்சன்."

வெள்ளம் தாண்டி, துறை றோட்டில் ஏறிய பிறகுதான் சத்தம் வந்தது. கீழே இருந்து, இரும்பால் இரும்பை அடிக்கிற சத்தம். அண்ணன் அதைக் கேட்ட உடனே காலை எடுத்தார். கார் ஊர்ந்தது. பின்னால் மலர் கத்தினாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். பிறகு மிதித்தார். கொஞ்சத் தூரம்தான் போனது. எஞ்சின் இறுகி, காரே ஒரு பக்கம் கிறுகி நின்றுவிட்டது.

ஊராட்கள் ஓடி வந்தார்கள். மாட்டு வண்டி பிடித்து, துறைக்குக் கொண்டுபோய், பாதைக்காரர் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக் கடக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மலரைக் காப்பாற்றினார்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆண் பிள்ளை.

வெள்ளம் வடிந்து பாதை ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், டிரக்டரில் கட்டி இழுத்து, அண்ணன் காரைக் கொண்டுவந்தார். அவர் இறங்கி, டிக்கியைத் திறந்து, ஒரு சாக்கில் சுற்றியிருந்த பொருளை எடுத்து வேலை மேசையில் வைத்தார். சாக்கை விலத்தினார். சேர் கொடுத்த டின். மூடி திறக்காதது.

"மட்டம் ஏறினதுதான் சேர். கண்டன். இத அவளக் கொண்டு போற அண்டைக்கு ஊத்துவம், புது ஒயிலோட போகட்டும் எண்டு பிள்ளைக்கெண்டு எடுத்து வச்சிரிந்தன். தைதானே எண்டு இரிந்திட்டன். அண்டைக்கு வடிக்க நேரமில்ல."

அண்ணன் சோம்பலில் விட்டவரில்லை. பிடிவாதத்திலும் விடவில்லை. வீட்டில் கிடைத்த நல்ல நெய்யை, நல்ல சீனியைப் பிள்ளைப்பேற்றுக்கென்று பானையில் ஒளித்து வைக்கிறவர்கள் நாங்கள். இல்லாத காலத்தில் ஒரு நல்ல பொருள் கையில் கிடைத்தால் அதை அன்றாடப் பாட்டுக்குச் செலவழிக்க எங்களுக்கு மனம் வராது. ஒயிலையும் அவர் அப்படித்தான் வைத்தார். எஞ்சினுக்கு அது விளங்காது. அதற்கு ஒயில் வேண்டியது அதற்கு முந்திய வாரமெல்லாம்.

சேர் கை கழுவினார். வழமையை விட நேரமெடுத்துக் கழுவினார். காரை ஜாக்கியில் ஏற்றி, அவரே கீழே படுத்தார். நான் வாளியைப் பிடிக்க, ஒயிலை வடித்தார். ஒயிலா அது! தண்ணி மாதிரி ஓடி விழுந்தது. கராஜ் முழுக்க மண்ணெண்ணெய் மணத்தது. கீழே ஒயில் நிற்கிற சம்பைக் கழற்றினோம். மூன்றாம் சிலிண்டரின் பேரிங் உருகி, தகடாகி, அதற்குள் சுற்றுகிற தண்டில் அப்பிக் கிடந்தது. தண்டு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. முதல் வருசம் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லும், வழுவழுப்பு இல்லாமல் போன பேரிங் என்று.

அண்ணன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"ஒயில்தானா சேர்?"

சேர் எழும்பினார். கையைத் துணியில் துடைத்தார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒரு திருகாணி குறைந்தாலும் வாடிக்கைக்காரனிடம் சொல்லிவிடுகிறவர்.

"எப்பிடித் தெரியும்?" என்றார். "வெள்ளத்துக்குள்ளால ஓடின கார். பேரிங் பழசு. தண்ணியும் போயிருக்கலாம். முந்தியே வெடிப்பு இருந்திருக்கவும் கூடும். இத வச்சிச் சொல்லேலா அண்ணன். எனக்குச் சொல்லத் தெரியா."

எத்தனையோ வருசம் எங்களைக் காரணம் சொல்லாமல் இருக்க விடாத கேள்வி அது. அன்றைக்கு அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லாமல் நின்றார். வடித்த ஒயிலைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் குழியில் ஊற்றிவிட்டு வந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் முதன்முதலாக அவருக்காக அழுதேன்.

பொடியன்களே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். காதுக்குக் கேட்கிற விஷயத்தில் சாமித்தம்பியண்ணனை வெல்ல இன்னும் ஒரு மெசின் வரவில்லை. அந்த டைமிங்கை உங்கள் கணினியாலும் அதைவிடத் திறமாக வைக்க முடியாது. ஆனால் எஞ்சினுக்குள் சத்தமில்லாமல் நடக்கிற காரியங்கள் இருக்கின்றன. அதைக் காது பிடிக்காது, படிப்புத்தான் பிடிக்கும். ஒன்றில் வென்றவன் மற்றதிலும் வெல்வேன் என்று நினைக்கிறானே, அங்கேதான் வினை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எது பெரிசு என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அன்று பின்னேரம் அண்ணனைப் பஸ் ஏற்றிவிட றோட்டுவரை நடந்தேன். மலர் எப்படி என்று கேட்டேன். "எழும்பி நடக்கிறாள். ஒருத்தரோடயும் பறையிறாள் இல்ல" என்றார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அண்டைக்கு சேர் கடதாசியில ரெண்டு துளி வச்சிக் காட்டினார் என்ன?"

"ஓம் அண்ணன்."

"எந்த எஞ்சினெண்டாலும் வைப்பார் எண்டு நீதானே சொன்னாய்."

"ஓம்."

"இண்டைக்கு வைக்கல்ல."

நான் மற்றக் கையால் பஸ்ஸை மறித்தேன்.

"எனக்கு விளங்கிட்டுகா. நல்ல மனிசன். எனக்கு விளங்கினது அவருக்குத் தெரிய வேணாம். சொல்லிராத."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். பூபாலபிள்ளை சேரோடு அதற்குப் பிறகும் நான் பல வருசம் வேலை செய்தேன். போன வருசம் அவர் காலமானார். கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை.